ஒருவர் தூக்கும் லென்ஸ்

என் மனைவி கேட்டது இரண்டே வாக்கியங்கள். "முன்ன மாதிரி நான் தனியாப் போய்ட்டு வரணும். அதுக்குத் தோதா ஒரு கேமரா பாத்து வாங்கிக் குடுங்க."

இதில் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். பழக்கதோஷம். அரசு அலுவலகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். எந்தப் பிரிவிலிருந்து கோரிக்கை வந்தாலும் அதற்கு ஒரு முன்னுரை இருக்கும்: பழைய இயந்திரம் படுத்தும் பாடு, ஊழியர்களின் அவதி, பொதுமக்கள் நலன். அதை யாரும் படிப்பதில்லை. கண் நேராகப் பொருளின் பெயருக்கும் எண்ணிக்கைக்கும் போய்விடும். பொருள், கேமரா. எண்ணிக்கை, ஒன்று. மீதி முன்னுரை.

அவள் பெண்கள் பள்ளி ஒன்றில் விலங்கியல் ஆசிரியையாக இருந்தவள். மாணவிகளுக்குத் தவளையை அறுத்துக் காட்டியது போக மிஞ்சிய நேரத்தில், உயிரோடு இருக்கும் பிராணிகளைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். சனிக்கிழமை விடியற்காலையில் இரும்புலியூரில் எங்கள் தெருமுனை ஆட்டோவில் ஏறித் திருநீர்மலை ஏரிக்குப் போவாள். கழுத்தில் பைனாகுலர், கையில் நீளக் குடை. ஞாயிற்றுக்கிழமை போவதில்லை. காலை வெளிச்சத்தைக் கர்த்தரும் பறவைகளும் ஒரே நேரத்தில் கேட்டால், எங்கள் வீட்டில் ஆராதனைக்குத்தான் முன்னுரிமை. வெயில் ஏறுவதற்குள் திரும்பிவந்து, கேன்வாஸ் ஷூவின் சேற்றைத் தோட்டக் குழாயில் கழுவிவிட்டு அடுக்களைக்குள் நுழைவாள். என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஏதாவது ஒரு பறவையின் பெயரைச் சொல்வாள். நான் தலையாட்டிவிட்டுச் செய்தித்தாளுக்குத் திரும்பிவிடுவேன். இப்படிப் பல ஆண்டுகள் இரு தரப்பிலும் புகார் இன்றி ஓடின.

பிறகு அவளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. எடுத்தார்கள். அக்குளிலிருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். இடது கையால் இனிமேல் கனமாக எதையும் தூக்கக் கூடாது, அந்தக் கை வீங்கினால் வீக்கம் வடிவது கடினம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பைனாகுலர் வார் தழும்பின் மேலேயே போய் உட்கார்ந்தது. அதைக் கழற்றிக் கையில் பிடித்தால், இரண்டு கையையும் உயர்த்தி அசையாமல் நிற்க வேண்டும், அவளால் முடியவில்லை. ஏரிக்கரையில் ஒரு பறவையை நின்று நிதானமாகப் பார்ப்பது இல்லாமல் போயிற்று. கேமரா யோசனை அப்படித்தான் வந்தது. ஒரு நொடி தூக்கிப் பிடித்து எடுத்துவிட்டால், பார்ப்பதை வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

இன்னொன்றும் நடந்திருந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவள் ஏரிக்குப் போன சில சனிக்கிழமைகளிலும் நான் கூடவே போனேன். தனியாக விட மனமில்லை. வெள்ளைச் சட்டையில் போனேன். பறவை மிரளும் என்று அவள் சொன்னபின் வெளிர்மஞ்சளில் போனேன். கரையில் உட்கார்ந்து, பொதுப்பணித் துறை இந்த மதகை எந்த விதியின் கீழ் பராமரித்திருக்க வேண்டும் என்று விளக்கினேன். அவள் ஒருநாளும் வர வேண்டாம் என்று சொன்னதில்லை. மெல்ல, ஏரிக்குப் போவதைத்தான் நிறுத்திக்கொண்டாள்.

டிஜிட்டல் கேமராக்கள் சாதாரண மனிதர் வாங்கும் நிலைக்கு இறங்கி வந்துகொண்டிருந்த காலம் அது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இணைய வசதி இல்லாததால், மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிகளில் இளைஞர்கள் விசா விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்க, நான் காட்டுயிர் புகைப்படக்காரர்களின் சச்சரவுகளைப் படித்தேன். மத வாதங்களுக்குச் சற்றும் குறையாதவை அவை. இரண்டு ஜப்பானியக் கம்பெனிகள், இரண்டு சபைகள். ஒரு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் மறு சபையின் லென்ஸைத் தொட முடியாது, ஏனென்றால் அது பொருந்தாது. ஆகவே முதலில் லென்ஸைத் தேர்ந்தெடு, கேமரா தானாக முடிவாகிவிடும் என்பது பெரியவர்களின் அறிவுரை. மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு ஊரை விசாரிப்பது மாதிரி.

லென்ஸில் முக்கியமானது அதன் மில்லிமீட்டர் கணக்கு. அது ஏற ஏறத் தூரத்துப் பறவை கிட்டே வரும். முந்நூறு என்றால் பறவை தெரியும். நானூறு என்றால் இறகு தெரியும். ஐந்நூறு, அறுநூறு என்றால் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகும். அடுத்தது, எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பது. விடியற்காலை மங்கலில் அதிக வெளிச்சம் விடும் லென்ஸ் வேண்டும். அதற்குக் கண்ணாடி பெரிதாக இருக்க வேண்டும். பெரிய கண்ணாடி கனமாக இருக்கும் என்பதை இணையத்துப் பெரியவர்கள் யாரும் மறைக்கவில்லை. நானும் மறைக்கவில்லை. என் ஒப்பீட்டு அட்டவணையில் எடைக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினேன். அது கடைசியில், 'போக்குவரத்து' என்ற தலைப்பின் கீழ் இருந்தது.

தேர்வுக் குழுவின் தலைவர் நான். உறுப்பினரும் செயலரும் நானே. நானூறு மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளவை தொழில்நுட்பத் தகுதிச் சுற்றிலேயே நிராகரிக்கப்படும் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

அண்ணா சாலைப் பக்கம் ஒரு கேமரா கடைக்குப் போய் விசாரித்தேன். கடைக்காரர் நான் கேட்டவற்றையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "யாருக்கு சார்?" என்றார்.

"என் மனைவிக்கு."

"மேடம் வரலையா?"

"தேவைப்பட்டால் பிறகு வருவார்கள்."

"பொடவை எடுக்கற மாதிரி சார் இது. கட்டிக்கறவங்க வரணும். நீங்க பாட்டுக்கு எடுத்துட்டுப் போயி, அவங்க பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா யாருக்கு என்ன பிரயோஜனம்?"

விற்பனையாளர் பயனாளரை நேரடியாகச் சந்திக்க ஆர்வம் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது என்பது எங்கள் துறையில் பாலபாடம். நான் விலைப்பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறினேன்.

வீட்டில் அட்டவணையை அவள் முன் விரித்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தாள். தேர்வுத் தாள் திருத்திய கண்.

"எவ்ளோ கனம் இது?"

"கைநடுக்கம் தெரியாம இருக்க உள்ளயே அதிர்வு தடுப்பு இருக்கு. பறவையோட கருவிழி வரைக்கும் தெளிவா..."

"நான் கேட்டது கனம்."

"அதுக்கு ஸ்டாண்டு இருக்கும்மா. முக்காலி."

"முக்காலிய யாரு தூக்குறது?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். அதை, ஆட்சேபணை இல்லை என்று பதிவு செய்துகொண்டேன்.

விலை அதிகமான பொருளை வாங்குமுன் மாதிரியைக் களத்தில் சோதித்துப் பார்ப்பது நல்ல நடைமுறை. எங்கள் சபையின் பாடகர் குழுவில் ஒருவர் இருந்தார். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அங்கேயே அடுக்குமாடி வீடு. வாரக் கடைசியில் பறவை எடுப்பவர். முப்பதைத் தாண்டியவர், கல்யாணப் பேச்சை எடுத்தால் லென்ஸ் பேச்சுக்கு மாற்றிவிடுவார். நான் தேர்ந்தெடுத்த அதே பெரிய லென்ஸ் அவரிடம் இருந்தது. சனிக்கிழமை ஏரிக்குக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார். எங்களையும் காரில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். மனைவி, வழக்கமான ஆட்டோவிலேயே வருகிறேன் என்றுவிட்டாள். அதனால் நானும் ஆட்டோவில் போனேன்.

திருநீர்மலைக் குன்றின் மேல் கோயில் விளக்கு இன்னும் அணையவில்லை. ஏரியில் நீர் நிறைய இருந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒன்று தலைக்கு மேலே போயிற்று. நீர்க்காகங்கள் அதைச் சட்டை செய்யவில்லை. நாவலூர்க்காரர் காரின் பின்பக்கத்தைத் திறந்து, மெத்தை வைத்த பையிலிருந்து லென்ஸைத் தூக்கினார். ஆட்டோக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னா சார் இது, இம்மாம் பெரிய குழாய் கீது! கொக்க சுடப் போறீங்களா, போட்டோ புடிக்கப் போறீங்களா?"

"படம்தான்."

"டீச்சரம்மாவா தூக்கப் போவுது இத்த? நீ வேற சார்."

முக்காலியை விரித்துப் பொருத்தி, நாவலூர்க்காரர் குனிந்து சரிபார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். "பாருங்க ஆன்ட்டி."

அவள் பார்த்தாள். சற்றுத் தொலைவில் அல்லித் தழைகளுக்கு நடுவே ஒரு முக்குளிப்பான் மிதந்துகொண்டிருந்தது. புறா அளவே உள்ள, வாத்து மாதிரியான பறவை. நினைத்தால் முங்கும், நினைத்த இடத்தில் எழும். அவள் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "வாயோரத்துல மஞ்சப் பொட்டு இருக்கே, அது கூடத் தெரியுது" என்றாள், யாரிடமும் இல்லாமல். அவள் குரலில் அப்படி ஒரு குதூகலத்தை நான் பல மாதங்களாகக் கேட்டிருக்கவில்லை. சோதனை வெற்றி என்று மனதுக்குள் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அப்போது முக்குளிப்பான் முங்கிற்று.

எழுந்தபோது அது இடதுபக்கம் வெகுதூரம் போயிருந்தது. முக்காலியை நகர்த்த வேண்டும். அவள் ஒரு காலைப் பிடித்தாள், விட்டாள், என்னைப் பார்த்தாள். நான் தூக்கிச் சென்று நட்டேன். கரை சரிவாக இருந்ததால் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. நான் திருகாணிகளோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் பறவை மறுபடி முங்கியிருந்தது. மறுபடி நகர்த்தினேன். "கொஞ்சம் அந்தப் பக்கம்" என்றாள். "எந்தப் பக்கம், தெளிவாச் சொல்லு" என்றேன். நான் மூச்சு வாங்கிய சத்தத்தில் கரையோர நாரை ஒன்று எழுந்து பறந்தது.

"அங்கிள் கூட இருந்தாப் போதும், உங்களுக்குப் பிரச்சனையே இல்ல ஆன்ட்டி" என்றார் நாவலூர்க்காரர். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு காரில் திறந்து கிடந்த பையைப் பார்த்தாள்.

"தம்பி, அதுல இன்னொண்ணு இருக்கே, அது என்ன?"

"அது சின்னது ஆன்ட்டி. முந்நூறுதான். பட்டாம்பூச்சிக்கு வெச்சிருக்கேன். பறவைக்குப் பத்தாது."

"குடு பாப்போம்."

அவர் தம்முடைய இன்னொரு கேமராவில் அதைப் பொருத்திக் கொடுத்தார். அவள் வலது கையில் வாங்கி எடை பார்த்தாள், கத்தரிக்காய் வாங்கும்போது பார்ப்பதுபோல. வாரைக் கழுத்தில் போடாமல் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். ஆட்டோவிலிருந்து நீளக் குடையை எடுத்துத் தரையில் ஊன்றினாள். குடைப்பிடியின் மேல் இடது கையை முஷ்டியாக வைத்து, முஷ்டியின் மேல் லென்ஸை வைத்தாள். கனம் முழுவதும் குடை வழியாக மண்ணுக்குப் போயிற்று. கைக்கு வேலை இல்லை. ஒரு படம் எடுத்துப் பார்த்தாள்.

"எப்ப கத்துக்கிட்ட இத?" என்றேன்.

"மொட்டை மாடியில. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்த வெச்சு." நான் அட்டவணை தயாரித்த வாரங்களில் அவளும் சும்மா இருக்கவில்லை.

"ஆனா இது முந்நூறு. நானூறுக்குக் கீழ தகுதி இல்லைன்னு..."

"யாரு சொன்னா?"

குழுவின் உறுப்பினர் பட்டியலைச் சொல்ல இது தருணமல்ல என்று பட்டது. அவள் கரை மேல் நடக்கத் தொடங்கினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

"நீங்க இங்கயே இருங்க."

"கரை வழுக்கும். நான் சும்மா பின்னாடி..."

"வேணாம்." நின்று திரும்பினாள். கோபம் இல்லை. வகுப்பில் பின்வரிசைக்குப் புரியவில்லை என்று தெரிந்து மறுபடி சொல்பவளின் நிதானம். "நீங்க கூட வந்தா நான் உங்களப் பாத்துக்கிட்டே நடக்கணும். வழுக்கிடுமா, வெயில் ஏறுதா, பசிக்குதா, போரடிக்குதா... அப்பறம் பறவைய எப்ப பாக்கறது? நான் மொதல்லயே சொன்னேன்ல, தனியாப் போகணும்னு?"

சொல்லியிருந்தாள். முதல் வாக்கியத்திலேயே.

சீமைக்கருவேலம் புதருக்குப் பின்னால் அவள் சேலை மறைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் என் கண்ணில் படாமல் வெளியே இருந்தது அதுவே முதல் முறை. நாவலூர்க்காரர் ஏதோ தூரத்துப் பருந்தைத் தேடிக் காரின் அந்தப் பக்கம் போய்விட்டார். நான் முக்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். அவளுக்குத் தலை சுற்றினால்? கரையின் மறுபக்கம் பள்ளம். ஆடு மேய்ப்பவர்கள் கூட இந்த நேரத்தில் இல்லை. சொன்னால் கேட்க மாட்டாள். இந்த வரிசையில் எண்ணங்கள் ஓடின. கோப்பாகக் கட்டினால் கனமாகவே இருந்திருக்கும்.

பெரிய லென்ஸ் சும்மாதான் நின்றுகொண்டிருந்தது. அதைக் கரையின் பக்கம் திருப்பினேன்.

முதலில் முள், இலை, வானம். பிறகு அவள். கரையின் வளைவில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்; மதகுச் சுவரின் உடைந்த கல்லாக இருக்கலாம். நானூறு மில்லிமீட்டரின் புண்ணியத்தில், சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்புறம் இருப்பவள் போலத் தெரிந்தாள். கேமராவை மடியில் வைத்திருந்தாள். படம் எடுக்கவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு காலை நீட்டி விரல்களை அசைத்தாள். தண்ணீரைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். பிறகு ரவிக்கைக்கு மேலே, தழும்பு இருக்கும் இடத்தை, சுற்றுமுற்றும் பார்க்காமல், அரிப்பெடுத்த இடத்தைச் சொறிவதுபோல் நன்றாகச் சொறிந்துகொண்டாள். வீட்டில் அதை அவள் செய்து நான் பார்த்ததில்லை. என் முன்னால் அவள் கை அந்தப் பக்கமே போகாது. நான் பார்த்துவிடுவேன், வலிக்கிறதா என்று கேட்பேன், டாக்டருக்குப் போன் போடுவேன்.

அவ்வளவு நாளும் எனக்காகவும் சேர்த்து அவள் நன்றாக இருந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அது எவ்வளவு வேலை! அந்தக் கல்லின் மேல் அவள் விடுமுறையில் இருந்தாள்.

"இன்னா சார், டீச்சரம்மாவ பட்சி கணக்கா பாத்துகினு கீற?"

ஆட்டோக்காரர் பின்னால் நின்றிருந்தார். நான் கண்ணை எடுத்தேன்.

"பத்திரமா இருக்காங்களான்னு..."

"அது எத்தினி வருசமா தன்னந்தனியா இங்க வந்துகினு கீது. நாந்தான இட்டாறேன். நீ ஒக்காரு சார். பேஜார் பண்ணிக்காத." பின்னிருக்கையைத் தட்டிக் காட்டினார். நீருக்கு மேல் பறந்த ஒன்றைப் பார்த்து, "அதோ கொக்கு" என்றார். அவருக்கு எல்லாமே கொக்குதான். பத்து வருடம் ஏரிக்கு வண்டி ஓட்டியும் இரண்டாவது பறவை ஒன்று இருப்பதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் லென்ஸைத் தண்ணீர்ப் பக்கமே திருப்பிவிட்டு, ஆட்டோவில் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. காட்டுயிர் எடுப்பவர்கள் ஒரு விதியை அடிக்கடி சொல்வதை இணையத்தில் படித்திருந்தேன்: பறவைக்கு நீ இருப்பது தெரிந்துவிட்டால், அதன் பிறகு நீ எடுப்பது பறவையின் படமல்ல, பயத்தின் படம். லென்ஸ் நீளமாக இருப்பதே விலகி நிற்பதற்காகத்தான். எனக்கு அது தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் கருவியாகவே தெரிந்திருந்தது. இரண்டும் ஒரே கண்ணாடிதான். எந்தக் காரணத்துக்காக வாங்குகிறோம் என்பதை எந்த அட்டவணையிலும் போட இடமில்லை.

அவள் வெயில் ஏறிய பிறகுதான் வந்தாள். சேலை ஓரமெல்லாம் சேறு. நாவலூர்க்காரரிடம் கேமராவைக் கொடுத்து, பின்பக்கத்துச் சிறு திரையில் இருவரும் தலையைச் சேர்த்துப் பார்த்தார்கள். எனக்கும் காட்டினார்கள். பாதிக்கு மேல் கலங்கல். சில சாய்ந்திருந்தன; ஏரி ஒருபக்கமாக ஒழுகிக் கொட்டிவிடும்போல் இருந்தது. முக்குளிப்பான் இருந்த படங்களில் அது ஒரு பாக்கு அளவுக்கு இருந்தது. ஒன்றில் பறவையே இல்லை; தண்ணீரில் வட்டம் மட்டும்.

"இப்பத்தான் முங்குச்சு" என்றாள், அந்தப் படத்தைக் காட்டி, மற்ற எல்லாவற்றையும்விடப் பெருமையாக.

"பறவை ரொம்பச் சின்னதா இருக்கே" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"பெருசு பண்ணிப் பாத்துக்குவேன். அதுக்குத்தான கம்ப்யூட்டரு? தம்பி, இதோட பேரு நம்பரெல்லாம் எழுதிக் குடு. இதான் வேணும்."

"ஆன்ட்டி, அங்கிள் நானூறு..." என்று நாவலூர்க்காரர் என்னைப் பார்த்தார்.

"எழுதிக் குடுங்க" என்றேன்.

அடுத்த வாரம் அவள் என்னோடு கடைக்கு வந்தாள். சரியாகச் சொன்னால், நான் அவளோடு போனேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "பொடவை கட்டறவங்க வந்துட்டாங்களா சார்?" என்றார். மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கவும் நான் முற்படவில்லை. அவள் லென்ஸை ஒரு கையில் தூக்கிப் பார்த்து, பழையபடி எடை போட்டு, தலையாட்டினாள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரை இருக்கிறதா என்று மட்டும் நான் பார்த்தேன். அந்த அளவுக்கு என் சேவை தேவைப்பட்டது.

அந்தச் சனிக்கிழமை விடியலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அவள் கேமராவை ஜவுளிக் கடைத் துணிப்பை ஒன்றில் போட்டு, குடையோடு வாசலில் இறங்கினாள். நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"சாரு வரல?" என்றார் ஆட்டோக்காரர்.

"சாருக்கு வீட்ல வேலை இருக்கு" என்றாள் அவள், ஏறி உட்கார்ந்துகொண்டே.

எனக்கு வீட்டில் ஒரு வேலையும் இல்லை. செய்தித்தாள் கூட இன்னும் வந்திருக்கவில்லை. ஆட்டோ தெருமுனையில் திரும்பி ஜிஎஸ்டி சாலையின் லாரிச் சத்தத்தில் கலந்தது. எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கைப்பேசியில் அழைக்கலாம்தான். ஆனால் மணி அடித்தால் அங்கே ஏதாவது பறந்துவிடும். கேட்டைச் சாத்தினேன். பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த விதிமுறைகள் எதிலும் வழியில்லை. அதனால் உள்ளே போய், ஒருவருக்கு மட்டும் காப்பி போட்டேன்.